புரொப்பெல்லர் அளவும் கியர் விகிதமும்: விசைப்படகுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மோட்டார் வாங்கும்போது எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கிறோம். படகு வாங்கும்போது எத்தனை அடி நீளம் என்று கேட்கிறோம். புரொப்பெல்லரை மட்டும் "கூடவே வந்ததுதானே" என்று மாட்டிவிட்டு, படகு எழும்பவில்லை, எஞ்சின் புகைக்கிறது, டீசல் குடிக்கிறது என்று மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறோம். அந்தச் சந்தேகங்களோடு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

கேள்வி: புரொப்பெல்லரின் நடுக்கட்டையில் (இலைகள் சேரும் மையப் பகுதியில்) 14 × 19 என்று அடித்திருக்கிறது. எது என்ன?

முதல் எண் விட்டம், அடுத்தது பிட்ச். இரண்டும் பெரும்பாலும் அங்குலத்தில்தான் இருக்கும். இலை நுனிகள் சுழலும்போது வரையும் வட்டத்தின் குறுக்களவு விட்டம். மூன்று இலை இருந்தால் நுனிக்கு நுனி அளக்க வராது. மையத்திலிருந்து ஒரு நுனிவரை அளந்து இரட்டிப்பாக்குங்கள்.

பள்ளி ஆய்வகத்தில் திருகு அளவியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு பிட்ச் புதிதல்ல. அங்கே அதன் பெயர் புரியிடைத் தூரம். ஒரு முழுச் சுற்றுக்குத் திருகு எவ்வளவு முன்னேறுகிறதோ அது. 19 பிட்ச் புரொப்பெல்லர், மரத்தில் இறங்கும் திருகுபோல வழுக்காமல் போனால், ஒரு சுற்றுக்கு 19 அங்குலம் போகும். தண்ணீரில் அப்படிப் போகாது. எவ்வளவு குறையும் என்பது கீழே வருகிறது.

கேள்வி: பிட்ச் கூடக்கூட வேகமும் கூடும், இல்லையா?

எஞ்சின் அதைத் தூக்கிச் சுழற்றினால் கூடும். சைக்கிளில் பெரிய கியரைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறிப் பாருங்கள். கால் அழுத்தும், சக்கரம் நகராது. பிட்ச் அதிகமான புரொப்பெல்லர் எஞ்சினுக்குச் செய்வதும் அதுதான். முழு த்ராட்டில் (எஞ்சினின் வேகப்பிடி) கொடுத்தும் எஞ்சின் தன் உச்சச் சுற்றை எட்டாது. சுற்று எட்டாவிட்டால் விற்றவர் சொன்ன குதிரைத்திறனும் வராது. 150 குதிரைக்குக் காசு கொடுத்துவிட்டு 125-ஐ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அதைவிடக் கெடுதலான விஷயம், எஞ்சினின் ஆயுள். டீசல் என்றால் கரும்புகை வரும், புகைபோக்கி வெப்பம் ஏறும், வால்வும் பிஸ்டனும் அடிவாங்கும். பெட்ரோல் என்றால் சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடித்து "டக்டக்" என்று தட்டும். குறைந்த சுற்றில் ஓடுவதால் எஞ்சின் நிம்மதியாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை, எஞ்சினைச் சீக்கிரம் கொல்லும் நம்பிக்கைகளில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

கேள்வி: சரியான பிட்ச் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டேக்கோமீட்டர் சொல்லும். எஞ்சின் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கான சுற்று எல்லை ஒன்று இருக்கும். பல அவுட்போர்டுகளில் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டார்கள்) அது நிமிடத்துக்கு 5000 முதல் 6000 வரை. நீங்கள் வழக்கமாக ஏற்றும் ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, அடிப்பகுதி சுத்தமாக இருக்கும்போது, காற்றும் அலையும் அடங்கிய நேரத்தில் முழு த்ராட்டில் கொடுங்கள். அவுட்போர்டுக்கு மோட்டாரின் சாய்வையும் படகு நன்றாக ஓடும் நிலைக்குச் சரிசெய்துகொள்ளுங்கள். எட்டுகிற சுற்று அந்த எல்லையின் மேல்பாதியில் விழவேண்டும்.

விழவில்லை என்றால் கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. பிட்சில் ஓர் அங்குலம் மாறினால் அவுட்போர்டில் சுமார் 150 முதல் 200 சுற்று மாறும். 19 பிட்சில் உங்கள் படகு 4800-தான் எட்டுகிறது, உங்களுக்கு வேண்டியது 5600 என்று வையுங்கள். 800 குறைகிறது. 200-ஆல் வகுத்தால் நான்கு அங்குலம். ஆக 15 பிட்ச். கணக்கு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும் என்பதால், முடிந்தால் 15, 17 இரண்டையும் இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரே பிட்ச் எண் போட்ட இரண்டு கம்பெனிப் புரொப்பெல்லர்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இன்போர்டு டீசல்களில், அதாவது படகுக்குள்ளேயே பொருத்திய எஞ்சின்களில், இந்தப் பேச்சு இன்னும் கறாரானது. முழுச் சுமையோடு மதிப்பிட்ட சுற்றை எட்டியே ஆகவேண்டும்; புதுப் படகில் கொஞ்சம் தாண்டி நின்றால் இன்னும் நல்லது. நாள் போகப்போக எந்தப் படகும் எடை கூடுமே தவிரக் குறையாது.

ஓர் எச்சரிக்கை. டேக்கோமீட்டரே பொய் சொல்லலாம். பழைய மீட்டர் இருநூறு முந்நூறு சுற்று தவறாகக் காட்டுவது அபூர்வமல்ல. புரொப்பெல்லருக்குச் செலவழிக்கும் முன், ஒளி பாய்ச்சி அளக்கும் கையடக்க மீட்டர் ஒன்றை வைத்து எஞ்சினின் சுழல்சக்கரத்தில் நேரடியாக அளந்து ஒப்பிடுங்கள்.

கேள்வி: நழுவல் என்கிறார்களே, அது நஷ்டமா?

பெயர்தான் அப்படி. நழுவல் இல்லாமல் உந்துவிசையே கிடையாது. புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தான் படகு முன்னால் போகும். அப்படித் தள்ளப்பட்ட தண்ணீர் நகர்ந்துவிடுவதைத்தான் நழுவல் என்கிறோம்.

கணக்கு எளிது. எஞ்சின் சுற்றைக் கியர் விகிதத்தால் (புரொப்பெல்லரின் ஒரு சுற்றுக்கு எஞ்சின் எத்தனை சுற்று என்ற எண்) வகுத்தால் புரொப்பெல்லரின் சுற்று. அதைப் பிட்சால் பெருக்கி 1215-ஆல் வகுத்தால் நழுவலே இல்லாதபோது வரக்கூடிய வேகம், நாட் கணக்கில் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்). 1215 எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கடல் மைல் 6076 அடி. அதை அங்குலமாக்கி 60 நிமிடத்தால் வகுத்தால் அதுதான். நில மைல் வேண்டுமென்றால் 1056.

மேலே சொன்ன படகில் 15 பிட்சை மாட்டி 5600 சுற்று வந்துவிட்டது, கியர் விகிதம் 1.85 என்று வைத்துக்கொள்வோம். 5600-ஐ 1.85-ஆல் வகுத்தால் 3027. அதை 15-ஆல் பெருக்கி 1215-ஆல் வகுத்தால் 37.4 நாட். ஜிபிஎஸ் 32.5 காட்டினால் நழுவல் 13 சதவீதம். தண்ணீர்மேல் எழும்பி ஓடும் இலேசான படகுக்கு 10 முதல் 15 நல்ல எண். கனமான உல்லாசப் படகுக்கு 20-ஐ ஒட்டி வரும். எழும்பாமல் தண்ணீரை விலக்கிக்கொண்டே போகும் படகில் 40-ஐத் தாண்டினாலும் பதறவேண்டாம். எழும்பி ஓடும் படகில் 30 வந்தால் ஏதோ கோளாறு: இலை வளைந்திருக்கும், காற்றை இழுக்கும், அல்லது புரொப்பெல்லரில் அடித்திருக்கும் பிட்ச் உண்மையாக இருக்காது.

நீரோட்டம் இருந்தால் ஒரே தடத்தில் போயும் வந்தும் ஓட்டி, இரண்டு வேகங்களின் சராசரியை எடுங்கள்.

கேள்வி: எஞ்சின் நேரடியாகச் சுழற்றினால் என்ன? நடுவில் கியர் எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உந்துவிசை என்பது எவ்வளவு தண்ணீரைப் பிடித்து, அதன் வேகத்தை எவ்வளவு கூட்டினோம் என்ற இரண்டின் பெருக்குத்தொகை. நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளலாம். கொஞ்சம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். விசை ஒன்றாகவே வரும். ஆனால் படகுக்குப் பின்னால் வீணாகப் போகும் ஆற்றல், தள்ளப்பட்ட வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. இரண்டு மடங்கு தண்ணீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் அதே விசை, வீணாவதோ பாதிதான்.

நிறையத் தண்ணீரைப் பிடிக்கப் பெரிய வட்டம் வேண்டும். பெரிய வட்டத்தை எஞ்சினின் 4000, 5500 சுற்றில் சுழற்ற முடியாது. எந்த எஞ்சினாலும் அந்தச் சுமையைத் தாங்க முடியாது, இலை நுனியின் வேகமும் எல்லை கடந்துவிடும். அதனால்தான் நடுவில் கியர். 2-க்கு 1 விகிதம் என்றால் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற, ஷாஃப்ட் (புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டு) ஒரு சுற்று. சுற்று பாதியாகிறது, திருக்குவிசை இரட்டிப்பாகிறது.

ஆகவே வரிசை முக்கியம். கியர் விகிதம் ஷாஃப்ட்டின் சுற்றைத் தீர்மானிக்கிறது. ஷாஃப்ட் சுற்றும் குதிரைத்திறனும் சேர்ந்து விட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஷாஃப்ட் சுற்றும் படகின் வேகமும் சேர்ந்து பிட்சைத் தீர்மானிக்கின்றன. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கியர்பாக்ஸை வாங்கிவிட்டுப் பிறகு அதற்குப் பொருந்தும் புரொப்பெல்லரைத் தேடி அலைகிறார்கள்.

கேள்வி: ஓர் உதாரணத்தை எண்களோடு காட்ட முடியுமா?

200 குதிரைத்திறன், 4000 சுற்று டீசல். படகு முழுச் சுமையோடு 4 டன். எழும்பி ஓடும் அடி. கியர்பாக்ஸிலும் தாங்கிகளிலும் நாலு சதவீதம் போனால் புரொப்பெல்லருக்குக் கிடைப்பது 192.

முதலில் என்ன வேகம் வரும் என்று பார்ப்போம். எடையைப் பவுண்டில் எடுத்து (4 டன் 8818 பவுண்டு) அந்த 192 குதிரைத்திறனால் வகுத்தால் 45.9. அதன் வர்க்கமூலம் 6.8. சாதாரணக் குடும்பப் படகுகளுக்கு 150 என்ற எண்ணை இதனால் வகுத்தால் வேகம் நாட்டில் வரும்: 22. இது அனுபவத்திலிருந்து எடுத்த சூத்திரம். ஒன்றிரண்டு நாட் முன்பின் இருக்கும்.

மூன்று இலைப் புரொப்பெல்லருக்கு விட்டம் காணவும் அதேபோல ஓர் அனுபவச் சூத்திரம் உண்டு. குதிரைத்திறனின் 0.2 அடுக்கை 632.7-ஆல் பெருக்கி, ஷாஃப்ட் சுற்றின் 0.6 அடுக்கால் வகுத்தால் விட்டம் அங்குலத்தில் கிடைக்கும். பிட்சுக்கு, 18 சதவீத நழுவலை வைத்துக்கொண்டு, 22 நாட் ஓட 26.8 நாட்டுக்கான பிட்ச் வேண்டும் என்று எடுப்போம்.

கியர் 1.5 என்றால் ஷாஃப்ட் 2667 சுற்று. விட்டம் 16, பிட்ச் 12 அங்குலம்.
கியர் 2 என்றால் 2000 சுற்று. விட்டம் 19, பிட்ச் 16.
கியர் 2.5 என்றால் 1600 சுற்று. விட்டம் 21½, பிட்ச் 20½.

எஞ்சின் ஒன்றே, படகு ஒன்றே. ஆனாலும் விட்டம் ஐந்தரை அங்குலம் மாறுகிறது. மூன்றாவதே நல்லது என்று சொல்லத் தோன்றும். பிட்சை விட்டத்தால் வகுத்துப் பார்த்தால் 0.75, 0.84, 0.95 என்று வருகிறது. வேகப் படகுக்குப் பின்னது பொருத்தமான எண்ணும்கூட. ஆனால் 21½ அங்குலம் உங்கள் படகின் அடியில் நுழையுமா என்பதுதான் அடுத்த கேள்வி. நான் இந்தப் படகைக் கட்டினால் இடமிருக்கும் பட்சத்தில் 2.5, இடமில்லாவிட்டால் யோசிக்காமல் 2. 1.5-ஐத் தொடமாட்டேன்.

கேள்வி: பெரிய விட்டமே நல்லதென்றால் எல்லோரும் ஏன் அதைப் போடுவதில்லை?

இடம் இல்லை. இலை நுனிக்கும் படகின் அடிப்பலகைக்கும் நடுவில் விட்டத்தில் குறைந்தது 10 சதவீதம், நல்லபடியாக 15 சதவீதம் இடைவெளி வேண்டும். 19 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று அங்குலம். இதைக் குறைத்தால் ஒவ்வோர் இலையும் கடந்து போகும்போது அடிப்பலகையைத் தண்ணீர் ஒரு தட்டுத் தட்டும். படகு முழுக்க அதிரும், தேநீர்க் குவளை மேசையில் நடந்து போகும்.

கியர் விகிதம் கூடினால் ஷாஃப்ட்டின்மேல் திருக்குவிசையும் கூடும். மேலே உள்ள உதாரணத்தில் 1.5 விகிதத்தில் ஷாஃப்ட் தாங்கவேண்டியது சுமார் 513 நியூட்டன் மீட்டர், 2.5-இல் 855. அதற்குத் தடித்த ஷாஃப்ட், கனமான தாங்கிகள், பெரிய கியர்பாக்ஸ் வேண்டும். ஷாஃப்ட்டை இன்னும் சரிவாக இறக்கவேண்டி வரலாம். சரிவு கூடினால் உந்துவிசையின் ஒரு பங்கு படகை முன்னே தள்ளாமல் மேலே தூக்குவதில் போய்விடும். பெரிய புரொப்பெல்லர் ஆழமாக இறங்கி நிற்கும், படகு ஆழமில்லாத துறைகளுக்குள் நுழைய முடியாது.

வேகம் கூடக்கூடப் பெரிய விட்டத்தின் லாபமும் கரைகிறது. 35, 40 நாட்டில் ஓடும்போது தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போகும் ஒவ்வோர் அங்குல உலோகமும் தடைதான். அதனால்தான் வேகப் படகுகளில் சின்னக் கியர் விகிதமும் உயர்ந்த பிட்சும், இழுவைப் படகுகளில் பெரிய விகிதமும் அகன்ற புரொப்பெல்லரும்.

கேள்வி: ஒரே குதிரைத்திறனில் அவுட்போர்டு இரண்டு கியர் விகிதங்களில் விற்கிறார்கள். எதை வாங்க?

உதாரணமாக 60 குதிரை மோட்டார் ஒன்று 1.83-இலும் 2.33-இலும் கிடைக்கும். இரண்டாவதன் கியர் உறை பருமனாக, அகலப் புரொப்பெல்லர் பொருந்தும்படி இருக்கும். படகு இலேசாக, மெலிதாக இருந்து வேகம்தான் முக்கியம் என்றால் முதலாவது. மிதவைப் படகு, கனமான சுமைப்படகு, ஆட்களை ஏற்றி இறக்கும் படகு, பாய்மரத்துக்குத் துணையாக மாட்டுவது, இவற்றுக்கெல்லாம் இரண்டாவது. விலை வித்தியாசத்தை யோசித்துத் தயங்குகிறவர்கள், வாங்கிய பிறகு அந்தக் கியரை மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். புரொப்பெல்லரை அரைமணி நேரத்தில் மாற்றலாம்.

2.33-க்கு மாறினால் பழைய பிட்ச் எண்ணை மறந்துவிடுங்கள். ஷாஃப்ட் மெதுவாகச் சுழல்வதால் அதே வேகத்துக்குப் பிட்ச் கூடவேண்டும்: 1.83-இல் 13 என்றால் இங்கே 16 அல்லது 17.

கேள்வி: சுமை அதிகம் என்று தெரிகிறது. விட்டத்தைக் குறைப்பதா, பிட்சைக் குறைப்பதா?

பெரும்பாலும் பிட்சை. ஓர் அங்குல விட்டம் எஞ்சினுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மூன்று அங்குலப் பிட்சுக்குச் சமமான சுமை. விட்டமும் பிட்சும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால், அதே சுற்றுக்குத் தேவைப்படும் திறன் விட்டத்தின் ஐந்தாவது அடுக்கில் ஏறும்: 19 அங்குலத்தை 20 ஆக்கினால் 29 சதவீதம். அதனால் விட்டம் என்பது கோடரி, பிட்ச் என்பது உளி. நுணுக்கமாகச் சரிசெய்ய உளியை எடுங்கள்.

நுனி அடிப்பலகையை உரசும் தூரத்தில் இருந்தாலோ, பிட்ச் ஏற்கெனவே விட்டத்தைவிட மிகக் குறைவாக இருந்தாலோ மட்டும் விட்டத்தில் கை வைக்கலாம். நுனியை வெட்டிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. வெட்டிய பிறகு சமநிலை பார்த்துத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று இலையா, நான்கா?

பெரும்பாலான படகுக்கு மூன்று. அதிர்வு தொல்லை கொடுத்தால், சுமையோடு எழும்பத் திணறினால், அலையில் திரும்பும்போது பிடி விட்டுப்போனால், விட்டம் கூட்ட இடம் இல்லாவிட்டால் நான்கு. உச்ச வேகத்தில் ஒன்றிரண்டு நாட் போகலாம். நடு வேகத்தில் பிடிப்பும் அமைதியும் கிடைக்கும். நான்காவது இலையும் சுமைதான் என்பதால் மூன்றிலிருந்து மாறும்போது பிட்சை ஓர் அங்குலம் குறைத்து ஆரம்பியுங்கள்.

உலோகம் கூடினால் வேகமும் கூடும் என்ற எண்ணத்தை உடைக்க ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. 1837-இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் மரத்தால் ஆன திருகு ஒன்றைப் பொருத்திய சின்னப் படகை லண்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முழுப் புரி கொண்ட அந்தத் திருகு எதிலோ மோதிப் பாதி உடைந்து போனது. மிச்சமிருந்த பாதியில் படகு முன்னைவிட வேகமாக ஓடியது.

கேள்வி: கேவிட்டேஷன் வருகிறது என்று மெக்கானிக் சொல்கிறார். என்ன அது?

முதலில் அது கேவிட்டேஷன்தானா என்று பாருங்கள். அவுட்போர்டில் திருப்பத்தில் எஞ்சின் திடீரென்று கத்தி, படகு துவண்டால் அது பெரும்பாலும் காற்றிழுப்பு: மேற்பரப்பிலிருந்து காற்று இறங்கி இலையைச் சூழ்ந்துவிடுகிறது. காரணம் பெரும்பாலும் மோட்டாரை அதிக உயரத்தில் மாட்டியது அல்லது அதிகமாக வெளியே சாய்த்தது. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டை "கேவிட்டேஷன் தட்டு" என்றே எல்லோரும் சொல்கிறார்கள், அது தடுப்பதோ காற்றை. அந்தத் தட்டு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் மேலேயோ இருப்பது தொடங்குவதற்கு நல்ல இடம்.

கேவிட்டேஷன் வேறு. இலையின் முன்பக்கத்தில் அழுத்தம் அவ்வளவு குறைந்துவிடுகிறது. வெளிச்சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவிக்குமிழாகிறது. குமிழ்கள் அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் நொறுங்கும். அந்த அடியில் வெண்கலமும் எஃகும்கூட அரித்துப் பொத்தலாகும். இலையில் கரையான் அரித்ததுபோல் குழிகள் இருந்தால் அதுதான். மருந்து, இலைகளின் மொத்தப் பரப்பைக் கூட்டுவது: அகன்ற இலை, நான்கு அல்லது ஐந்து இலை, அல்லது ஷாஃப்ட் சுற்றைக் குறைத்து விட்டத்தைக் கூட்டுவது.

இந்தப் பாடத்தை முதலில் செலவழித்துக் கற்றவர் சார்லஸ் பார்சன்ஸ். நீராவிச் சுழலியை வைத்து அவர் 1894-இல் இறக்கிய டர்பீனியா படகு முதலில் ஏமாற்றியது. சுழலி மிக வேகமாகச் சுழன்றது, அதோடு நேரடியாக இணைத்த ஒற்றைப் புரொப்பெல்லர் தண்ணீரில் குமிழ்க்குழி தோண்டிக்கொண்டிருந்தது. அவர் திறனை மூன்று ஷாஃப்ட்டுகளுக்குப் பகிர்ந்து, ஒவ்வொன்றிலும் மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர்கள் மாட்டினார். 1897-இல் விக்டோரியா அரசியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில் அது 34 நாட்டுக்குமேல் ஓடிக் காவல் படகுகளுக்குப் போக்குக் காட்டியது. பின்னாளில் கப்பல்களில் சுழலிக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவில் கியர் வந்தபோது இவ்வளவு புரொப்பெல்லர்கள் தேவைப்படவில்லை.

கேள்வி: அலுமினியமா, ஸ்டெயின்லெஸ்ஸா, வெண்கலமா?

இன்போர்டுக்கு வெண்கலம், பணம் இருந்தால் நிக்கல் அலுமினிய வெண்கலம். அவுட்போர்டுக்கு, பாறையும் மணல்திட்டும் உள்ள இடத்தில் அலுமினியம்: அடிபட்டால் இலை வளைந்து கியரைக் காப்பாற்றும். ஆழமான திறந்த தண்ணீரில் வேகம் வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ். இலை மெலிது, சுமையில் வளையாது. அது பாறையில் மோதினால் அதிர்ச்சியின் பெரும்பங்கு உள்ளே போகும்.

கேள்வி: இலையின் ஓரத்தில் சின்ன வளைவு இருக்கிறது. அடிபட்டதா?

மூன்று இலையிலும் ஒரே மாதிரி இருந்தால் வேண்டுமென்றே வைத்தது. பின்னோரத்தில் வைக்கும் இந்த உதடு தண்ணீரை இறுக்கிப் பிடிக்கும், காற்றிழுப்பைக் குறைக்கும். சுமையில் ஏறத்தாழ ஓர் அங்குலப் பிட்ச் கூட்டியதற்குச் சமம். ஒரே ஓர் இலையில் மட்டும் இருந்தால், ஆமாம், அடிபட்டதுதான்.

கேள்வி: இரண்டு எஞ்சின் படகில் ஏதாவது மாறுமா?

இரண்டு புரொப்பெல்லர்களும் எதிரெதிராகச் சுழலவேண்டும்; அப்போதுதான் பக்கவாட்டு இழுப்பு ஒன்றையொன்று சரிக்கட்டும். ஒரு எஞ்சினிலிருந்து இரண்டுக்குப் போகும்போது ஒவ்வொன்றும் பாதிச் சுமைதான் இழுக்கிறது, படகும் வேகமாகிறது. அதனால் பிட்ச் வழக்கமாகக் கூடும். ஒரு எஞ்சின் நின்றுபோனால் மற்றதில் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். இரட்டை ஓட்டத்துக்குப் போட்ட பிட்ச் ஒற்றை எஞ்சினுக்குப் பெரும் பாரம்.

கேள்வி: என் படகு எழும்பாத வகை. பெரிய எஞ்சினும் பெரிய பிட்சும் போட்டால் ஓடுமா?

ஓடாது. தண்ணீர்க்கோட்டின் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்குங்கள். 25 அடிக்கு 6.7 நாட். அதற்குமேல் போக முயன்றால் படகு தானே எழுப்பிய அலையில் ஏறிக்கொண்டு நிற்கும்; கொட்டும் எரிபொருளெல்லாம் அலையாகத்தான் போகும். இப்படிப்பட்ட படகுக்குக் கியர் விகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 2.5, 3 என்று போய், இடம் கொடுக்கும் அளவுக்கு அகன்ற, பிட்ச் குறைந்த புரொப்பெல்லரைப் போடுங்கள். எதிர்காற்றில் அருமை தெரியும்.

கேள்வி: நான் முழு த்ராட்டிலில் ஓட்டுவதே இல்லை. பிறகு ஏன் உச்சச் சுற்றைப் பார்த்துப் பிட்ச் தேர்ந்தெடுக்கவேண்டும்?

நியாயமான கேள்வி, கேட்கிறவர்களும் பெரும்பாலும் அனுபவஸ்தர்கள். புரொப்பெல்லர் கேட்கும் திறன் சுற்றின் மும்மடியை ஒட்டிக் குறையும்: 80 சதவீதச் சுற்றில் கிட்டத்தட்ட பாதித் திறனே போதும். எஞ்சினோ அந்தச் சுற்றில் அதைவிட அதிகம் தரவல்லது. இந்த இடைவெளிதான் எஞ்சினின் மூச்சு. பிட்சைக் கூட்டினால் நடு வேகத்தில் எரிபொருள் சற்று மிச்சமாகலாம், சத்தமும் குறையும். ஆனால் இடைவெளி சுருங்கும். எதிர்காற்று, கூடுதல் ஆட்கள், அடியில் பாசி என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால் நடு வேகத்திலேயே எஞ்சின் மூச்சு முட்டும், ஓட்டுபவருக்கு அது தெரியவும் தெரியாது. எழும்பி ஓடும் படகு முதலில் எழும்புவதற்கே அந்த உபரி வேண்டும்.

கேள்வி: போன வருடம் 5600 எட்டியது, இப்போது 5100. புரொப்பெல்லரை மாற்றவா?

மாற்றாதீர்கள். படகைத் தூக்கி அடியைப் பாருங்கள். மெல்லிய பாசியும் கொட்டலசும் இலையின்மேல் படர்ந்தாலே நூற்றுக்கணக்கில் சுற்று போகும். பிறகு எரிபொருள் வடிகட்டி, காற்று வடிகட்டி, த்ராட்டில் கம்பி முழுக்கத் திறக்கிறதா, அடித்தளத்தில் தண்ணீர் தேங்கி எடை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் புரொப்பெல்லர்.

நேர்மாறாக, சுற்று கூடி வேகம் குறைந்தால் சந்தேகப்படவேண்டியது நடுக்கட்டைக்குள் இருக்கும் ரப்பர் புஷ். அது பிடிவிட்டால் ஷாஃப்ட் சுழலும், இலை பின்தங்கும். நடுக்கட்டையின் உள்ளிலிருந்து வெளிவரை ஒரே கோடாகப் பெயிண்டால் வரைந்து, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் புஷ் போச்சு.

மலையேரிகளுக்குப் படகைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று: டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் 1000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதத் திறனை இழக்கும். 5000 அடியில் அது 15 சதவீதம். குறைந்த பிட்ச் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: எண் தேய்ந்துபோன பழைய புரொப்பெல்லர் கிடைத்தது. பிட்சை எப்படி அளப்பது?

சமமான மேசையில் படுக்க வையுங்கள். மையத்திலிருந்து நுனிவரை உள்ள தூரத்தில் 70 சதவீதத்தில் ஓர் இலையின்மேல் சாக்பீஸால் ஒரு வில் வரையுங்கள். அந்த வில்லில் இலையின் முன்னோரமும் பின்னோரமும் மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து வித்தியாசத்தை எடுங்கள். பிறகு மையத்திலிருந்து பார்த்தால் அந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் எத்தனை பாகை என்று கோணமானியால் அளங்கள். உயர வித்தியாசத்தை 360-ஆல் பெருக்கிப் பாகையால் வகுத்தால் பிட்ச். 3 அங்குலமும் 60 பாகையும் வந்தால் 18.

எல்லா இலைகளிலும் செய்யுங்கள். ஒன்றில் 18, அடுத்ததில் 17, இன்னொன்றில் 18½ என்று வந்தால், அந்தப் படகு ஏன் அதிர்ந்துகொண்டே இருந்தது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. பட்டறையில் கொடுத்து மூன்றையும் ஒன்றாக்கி வாங்கிய பிறகு, சோதனை ஓட்டத்தை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும்.